ஊதாத் துணி சுற்றிய போல்ட்

புது மாப்பிள்ளைக்கு, உன்னைப் பெற்றவள் எழுதுவது. எழுத்து ஏன் இவ்வளவு பெரிசு என்று சிரிக்காதே. ஐந்தாம் வகுப்போடு நின்ற கைக்கு இந்த அளவுதான் வரும். கயலைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படி. படித்து முடிக்கிற வரைக்கும் வண்டிச் சாவி அவள் கையில் இருக்கட்டும். இது விளையாட்டு இல்லை. நான் இப்படிச் சொன்னாலே உனக்கு விளையாட்டாகத்தான் படும், அதனால்தான் போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். திங்கட்கிழமை போன் போட்டு, "டேய், அந்த ஹோஸ்ல சொருகி வச்சிருக்கிற போல்ட்டைப் புடுங்கிடுடா" என்றேன். "ஏம்மா, பழைய இரும்புக்குப் போடப் போறியா?" என்றாய். நானும் சிரித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை மறுபடியும் போட்டேன். "மாமியார் வேலைய ஆரம்பிச்சிட்டியா? என் பொண்டாட்டி பின்னாடி உக்காந்து போனா உனக்குப் பொறுக்கலையா?" என்றாய். கயல் போனை வாங்கினாள். அவளிடமும் சொன்னேன். "போங்கத்த, உங்களுக்கு எப்பவும் தமாசு" என்று வைத்துவிட்டாள். இருபத்தாறு வருஷம் உன்னைக் கிண்டல் செய்தே வளர்த்துவிட்டு, இன்றைக்கு நிஜமாகவே பயப்படுகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? ஞாயிற்றுக்கிழமை நீ அவளைப் பின்னால் உட்காரவைத்து ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போகப் போகிறாய். அதற்குள் நீ என்னை நம்ப வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ரெண்டு பேரும் சிதம்பரத்திலிருந்து கடலூர் வந்ததை நினைத்துப் பார். உன் அப்பா பம்ப்செட் மோட்டார் பார்க்கக் வயல்கொல்லைப் பக்கம் போயிருந்தார். நான் மட்டும் கடையில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். நீ வாசலில் வண்டியை நிறுத்தி, சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "யம்மா, வந்து பாரு" என்று கூப்பிட்டாய். கம்பியை அப்படியே முடிச்சுப் போட்டுவிட்டு வந்தேன். வண்டியோடு வந்த கறுப்பு ஃபில்டர் டப்பாவைக் காணோம். அந்த இடத்தில் சிவப்பாக ஒரு கோன் ஃபில்டர். "காத்து நல்லா இழுக்குது. முறுக்குனா சும்மா பறக்குது" என்றாய். "கோன் ஐஸை எவன்டா தலைகீழா சொருகினது?" என்று கேட்டேன். கயல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மருமகள் சிரித்த குஷியில் இன்னொரு கிண்டல் தேடிக் குனிந்தேன்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். அந்தப் பழைய டப்பாவில் வந்து சேர்ந்துகொண்டிருந்தவை எல்லாம் போக்கிடம் இல்லாமல் நின்றன. இன்ஜினிலிருந்து வருகிற தடித்த ஹோஸ், அதன் வாயில் ஒரு போல்ட். இன்ஜினுக்குக் காற்றுப் போகிற குழாயில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு மூக்கு, அதன் மேல் செல்லோ டேப். பிறகு ஒயர் முனையில் ஒரு கனெக்டர், மாட்ட இடமில்லாமல் வாயைத் திறந்தபடி ஹேண்டில் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. "இதெல்லாம் என்னடா?" என்றேன். "யூஸ் இல்லாத கனெக்டர்மா. டப்பா போனப்புறம் இதுங்களுக்கு வேலையில்ல." "அந்த போல்ட்டு?" "அத அப்பிடியே விட்டா ஆயில் சொட்டுது. கயல் பட்டுப் பொடவையில பட்டுச்சின்னா நீயே திட்டுவ. அதான் அடைச்சிட்டேன்."

ஆயில் சொட்டுகிறது, அதனால் அடைத்தேன். இதே காரணத்தை இந்த வீட்டில் ஒருத்தி முன்பே ஒரு முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த நிமிஷம் உன் கையைப் பிடித்து, அங்கேயே அதைப் பிடுங்க வைத்திருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "பொண்டாட்டி பொடவைக்கு இவ்ளோ கவலையா! பெத்தவ பொடவைக்கு எவன்டா கவலப்பட்டான்?" மூன்று பேரும் சிரித்தோம். நீ கிளம்பிவிட்டாய். தெருமுனை திரும்புகிற வரைக்கும் அந்த வண்டிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தால், எத்தனை சுற்று சுற்றினேன் என்பது மறந்துபோயிருந்தது. முழுதையும் பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சுற்றினேன்.

என் தம்பி, உன் செல்வம் மாமாவின் கால் எப்படிப் போனது என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். சொன்னதெல்லாம் பொய் இல்லை. ஆனால் ஒரு இடத்தில் ஆள் மாறிவிட்டது. உனக்கு அப்போது ஏழு வயது. அப்பா பைக் மெக்கானிக்காக இருந்த காலம். அவரும் உன்னைப் போலத்தான், தன் வண்டியில் டப்பாவைக் கழற்றிவிட்டுக் கோன் ஃபில்டர் மாட்டினார். அந்தத் தடித்த ஹோஸை மட்டும் அடைக்கவில்லை. கீழே பார்த்துத் தொங்கவிட்டுக் கட்டினார். "இது இன்ஜின் மூச்சு உடற வழி. நாலு சொட்டு சொட்டும், சொட்டிட்டுப் போவட்டும்" என்றார். சொட்டியது எங்கே? வாசல் அறையில், நான் சீட்டுப் பணம் கட்டி எடுத்துப் போட்ட புது டைல்ஸில். திருட்டுப் பயத்தில் ராத்திரியானால் வண்டியை உள்ளே ஏற்றிவிடுவார். காலையில் எழுந்தால் வெள்ளை டைல்ஸில் கறுப்பாக ஒரு பொட்டு. சோப்புத் தூளைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் முட்டி செத்துவிட்டது. "பொட்டு வைக்க வேற நெத்தி கெடைக்கலையா உங்க வண்டிக்கு?" என்று தினம் ஒரு பாட்டு. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலையில் அவர் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் போல்ட் போட்டுவைக்கிற டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தேன். செருகிப் பார்த்தால் லூசாக இருந்தது. ரவிக்கை தைக்க வைத்திருந்த ஊதாத் துணியில் ஓரமாக ஒரு பட்டை கிழித்து, போல்ட்டைச் சுற்றி, ஹோஸ் வாயில் திருகி உள்ளே தள்ளினேன். கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான்டா. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டு இட்லி ஊற்றப் போய்விட்டேன். மழை வெள்ளம் வடிந்த வாரம் அது. தண்ணீர் ஏறிய வண்டிகள் கடை வாசலில் வரிசையாக நின்றன. சொந்த வண்டியைக் குனிந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. மூன்று நாள் டைல்ஸ் பளிச்சென்று இருந்தது. மூன்று நாளும் வண்டி நன்றாகத்தான் ஓடியது. இதை மறக்காதே. "ஒரு வாரமா ஓடுது, ஒண்ணும் ஆவலையே" என்று நீ சொல்வாய் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். அடைத்த அன்றைக்கே எதுவும் ஆவதில்லை. இன்ஜின் உள்ளே காற்று சேர்ந்துகொண்டே போகும். எந்த இடம் மெலிசு என்று தேடும்.

நாலாம் நாள் மாமா வந்தான். அவனுக்கு அப்போது சிங்கப்பூரில் டிரைவர் வேலை கூடி வந்திருந்தது. புவனகிரியில் ஏஜெண்டைப் பார்த்துவிட்டு, அப்படியே சிதம்பரம் போய்ப் பேப்பர் கொடுக்க வேண்டும். உன் அப்பாவிடம், "மாமா, வண்டி குடுங்க, சாயங்காலம் வந்துடறேன்" என்றான். "எடுத்துக்க மச்சான், கேட்டுகினு நிக்கிற?" இதுதான் அவர்கள் ரெண்டு பேரும் சிரித்துப் பேசிய கடைசிப் பேச்சு. நான் அவனுக்கு ரெண்டு இட்லி கொடுத்து, "சிங்கப்பூர் போனா இந்தச் சட்னி கெடைக்காதுடா" என்று அதிலும் ஒரு கிண்டல். வெள்ளாற்றுப் பாலத்தில் முன்னால் கரும்பு டிராக்டர் போயிருக்கிறது. பிரேக் பிடித்திருக்கிறான். அந்த நேரத்துக்குள் அடைபட்ட காற்று தள்ளி, செயின் பக்கத்தில் ஆயிலைத் தடுத்து நிற்கிற ரப்பர் சீல் பிதுங்கி வெளியே வந்து, பின் டயர் முழுக்க ஆயில். டயர் அவனைக் கேட்காமல் பக்கவாட்டில் போய்விட்டது. டிரெய்லர் சக்கரம் முழங்காலுக்குக் கீழே ஏறியது. காலை எடுக்காமல் விட்டார்கள், ஆனால் அது மடங்குவதில்லை. சிங்கப்பூர் வேலை கைவிட்டுப் போனது. உட்கார்ந்து செய்கிற வேலை என்று தையல் பழகினான்.

ரோட்டில் கிடந்தபோது வண்டியின் அடிவயிறு அவன் முகத்துக்கு நேரே இருந்ததாம். "ஊதாக் கலர்ல ஒரு துணி மொனை தெரிஞ்சுது அக்கா. வண்டில ஏது அக்கா துணி?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டான். எல்லாரும் ஜுரத்தில் உளறுகிறான் என்றார்கள். நான் அவன் நெற்றியைத் தடவிவிட்டு, "மேலோகத்துப் பொடவைடா, உன்னக் கூப்ட வந்திருப்பாளுங்க, நல்லவேள போவல" என்றேன். சிரித்தான் பாவம், வலியோடு. வண்டியைப் பிரித்துப் பார்த்த வேறொரு மெக்கானிக், ஆயிலில் கறுத்துக் கலர் தெரியாமல் போன துணியோடு அந்த போல்ட்டை எடுத்து, "எவனோ மூச்சு ஹோஸை அடைச்சி வச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டார். எல்லார் கண்ணும் உன் அப்பா மேல் போனது. அவர் கடை, அவர் வண்டி, அவர் கை. முதலில் இல்லை என்றார். பிறகு, வேலை ஜாஸ்தியில் செய்திருப்பேனோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது. கொஞ்ச நாளில், ஆமாம் நான்தான் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். மாமா அவரோடு பேசுவதை நிறுத்தினான். அப்பா பைக் வேலையை விட்டார். செப்புக் கம்பி சுற்றி மோட்டார் காயில் கட்டப் போனார். நான் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதல் வாரம் பயம். அடுத்த மாசம், இப்போது சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம். அதற்குப் பிறகு பழக்கமாகிவிட்டது. உன் கல்யாணத்தில் பார்த்தாய் அல்லவா? தாய்மாமன் முறைக்கு வந்து மாலை போட்டான், சீர் வைத்தான். அப்பா ஓடிப்போய் அவனுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். அவன் அதைத் தாண்டி, அந்த மடங்காத காலை இழுத்துக்கொண்டு போய், கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அப்பா கொஞ்ச நேரம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றார். நான் என்ன செய்தேன்? "உக்கார ஆள் இல்லன்னா எங்கிட்ட குடுங்க, பந்தி ஓடிப்போற மாதிரி எல்லாம் நிக்குதுங்க" என்று சத்தமாகப் பேசி அந்த இடத்தைச் சிரிக்க வைத்தேன். பத்தொன்பது வருஷமாக நான் பேசிய கிண்டலில் பாதி, அந்தத் துணியை மூடத்தான்.

நேற்று ராத்திரிச் சோற்றின்போது அப்பாவிடம் முதலில் உன் வண்டியைச் சொன்னேன். "அவன் படிச்ச பையன், அடைச்சிருக்க மாட்டான். ஃபில்டர் டப்பாவுக்குக் கீழ ஒரு டியூப்பு அடைச்சிதான் வரும். அதப் பாத்திருப்ப. வண்டிப் பேச்ச எங்கிட்ட எடுக்காத" என்றார். அப்புறம்தான் அதையும் சொன்னேன். "அன்னைக்கு அடைச்சது நீங்க இல்ல. நான்." அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ எதுல வெளையாடறதுன்னு ஒரு கணக்கே இல்லையா? நான்தான் அடைச்சேன். பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடுத்து நான் முடுக்கினது என் கைக்கு இன்னும் ஞாபகம் இருக்குது." "ரப்பர் ஹோஸ்ல ஒரு போல்ட்டைச் சொருக ஸ்பேனர் எதுக்குங்க?" என்று கேட்டேன். ரசத்துச் சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார். "கிளிப்பு போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். செய்யாத ஒன்றை அவர் கைக்கு நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்டா. விடிந்ததிலிருந்து கடையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால் அவர் இப்போது சிதம்பரம் வரமாட்டார். நான் சொல்வதை நீதான் கேட்க வேண்டும்.

அப்பா ரிப்பேர் பார்த்த நாளெல்லாம் பக்கத்தில் டார்ச் பிடித்தவள் நான், கொஞ்சம் மரியாதையாகவே கேள். அந்தத் தடித்த ஹோஸுக்கு வாய் திறந்திருக்க வேண்டும். அதன் முனைக்கென்றே கட்டைவிரல் அளவில் சின்ன ஃபில்டர் ஒன்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விற்கிறது. அதை மாட்டி, டயருக்கும் சைலன்சருக்கும் எட்டாத உயரத்தில் கட்டிவிடு. ஆயில் சொட்டினால் சேர ஒரு சின்ன டப்பா வை. காற்றுக் குழாயில் இருக்கிற மூக்கு நேர்மாறு, அதை மூடியே ஆக வேண்டும். செல்லோ டேப் இன்ஜின் சூட்டில் ஒரு வாரம் தாங்காது; பிரிந்துவிட்டால் அந்த ஓட்டை வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போகும், இன்ஜின் காய்ந்து கொதிக்கும், நடு ரோட்டில் நிற்கும். ரப்பர் மூடி போட்டுக் கிளிப் போட்டு இறுக்கு. கனெக்டரைக் கட் பண்ணி எறிந்துவிடாதே. முதலில் அது யாருடையது என்று பார். பழைய டப்பாவில் சூடு பார்க்கிற சென்சார் ஒன்று இருந்திருக்கும், அதன் ஒயராக இருந்தால் அந்தச் சென்சாரைக் கழற்றி வந்து புது ஃபில்டர் பக்கம் பொருத்தி மாட்ட வேண்டும். நிஜமாகவே வேலையில்லாத கனெக்டர் என்றால் ஈரம் போகத் துடைத்து, வாய்க்கு மூடி போட்டு, டேப் சுற்றி, ஹேண்டில் திரும்பினால் இழுக்காத இடமாகப் பார்த்து ஃபிரேமோடு கட்டு. எல்லாவற்றையும் ஒரேயடியாக அடைக்கிறவனும் தப்பு, எல்லாவற்றையும் தொங்கவிடுகிறவனும் தப்பு. ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, நீ எங்கிருந்து வருகிறாய், உன் வழியாக உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் முடிவு பண்ண வேண்டும். தெரியவில்லை என்றால் பழைய டப்பாவையே மாட்டிவிடு. பறக்காமல் போனால் என்ன, கோயில் எங்கேயும் ஓடிவிடாது.

நீ ஸ்ரீமுஷ்ணம் போகிற வழியில் அந்தப் பாலம் வருகிறது. கரும்பு வெட்டு நடக்கிற மாசம் இது.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. மாமா மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஸ்கூல் யூனிபார்ம் மூட்டையோடு கடலூர் வந்து, சிதம்பரம் பஸ் ஏறுவான். பஸ் ஸ்டாண்டில் பார்த்து இந்தக் கடிதத்தை அவனிடம்தான் கொடுக்கப் போகிறேன். கவரை ஒட்டவில்லை. அந்த ஊதா ரவிக்கைத் துணியில் மீதி இன்னும் என்னிடம் இருக்கிறது, தைக்கவும் மனசு வரவில்லை, எறியவும் தைரியம் வரவில்லை. அதில் ஒரு துண்டு வெட்டி உள்ளே வைத்திருக்கிறேன். "படிச்சிட்டுக் குடுடா தம்பி" என்று மட்டும் சொல்வேன். அவன் தையல்காரன், கலர் அவன் கண்ணுக்குத் தப்பாது. பஸ் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். புதுச்சத்திரத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து, கடை வாசலில் நின்று என்னைக் கேட்டாலும் கேட்பான். அக்காவே வேண்டாம் என்று நேராக வீட்டுக்குப் போனாலும் போவான். அவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் உன் போன் வரவில்லை என்றால், சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நானே வந்து, உன் வண்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அப்போது சிரித்துப் பார்.

ஆனால் நீ இதைப் படிக்கிறாய் என்றால் அவன் வந்துவிட்டான். உன் எதிரில்தான் நிற்கிறான். முதலில் அவனை உட்காரச் சொல், அந்தக் காலை நீட்டிக்கொள்ள இடம் கொடு, கயலைத் தண்ணீர் கொண்டுவரச் சொல். என்னைப் பற்றி அவன் என்ன சொன்னாலும் குறுக்கே பேசாதே. அப்புறம் மூன்று பேரும் வண்டிக்குப் போங்கள். அந்த போல்ட்டை நீ தொடாதே. அவன் கையால் பிடுங்கட்டும். பிடுங்கியதும் உன் அப்பாவுக்குப் போன் போட்டு, போனை மாமாவின் கையில் கொடு. பத்தொன்பது வருஷமாகப் பேசாதவர்கள், ரெண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியாது. நீண்ட பேச்செல்லாம் வேண்டாம். ஸ்பேனர் எதுவும் தேவைப்படவில்லை, கையால் இழுத்ததும் வந்துவிட்டது என்று அவன் சொன்னால் போதும். உன் அப்பாவுக்குப் புரியும்.